ஜிடிஎக்ஸ் 1080 டிஐ, ஆர்டிஎக்ஸ் 3090: செயற்கை நுண்ணறிவுப் பணிகளில் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

என்விடியாவின் இந்த இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளையும் நான் விளையாட்டுக்காக அல்லாமல், நரம்பியல் வலைப்பின்னல்களைப் பயிற்றுவிப்பதற்காகவே ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தி வந்திருக்கிறேன்.

2017இல் வெளிவந்த 1080 டிஐயின் 11 ஜிபி நினைவகம், படங்களை வகைப்படுத்தும் மாதிரிகளுக்குத் தாராளமாகவே இருந்தது. ஆனால் அதில் டென்சர் கோர்கள், அதாவது அணிப் பெருக்கலை விரைவாகச் செய்யும் தனிப் பகுதிகள், இல்லை. 16 பிட் கணக்கீடும் மிக மெதுவாகவே நடக்கும் என்பதால், மொழி மாதிரிகள் பெருத்தபோது அது பின்தங்கியது. பிறகு 3090க்கு மாறியபோது, பைடார்ச் என்ற நூலகத்தில் எழுதிய நிரலில் பேட்ச் அளவை (ஒரே தடவையில் செலுத்தும் தரவின் அளவை) குறிக்கும் வரியைத் தவிர அநேகமாக எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. இந்த நிறுவனத்தின் எழுச்சிக்குக் காரணம் கேட்டால், சிப்பின் வேகத்தைவிட இதையே முதலில் சொல்வேன். 2006இல் அறிவிக்கப்பட்ட கூடா, அதாவது கிராபிக்ஸ் கார்டில் பொதுக் கணக்கீடு செய்ய உதவும் என்விடியாவின் மென்பொருள் தளம், கடையில் வாங்கும் கார்டிலும் ஆய்வகக் கார்டிலும் ஒரே நிரல் ஓட வழிசெய்தது. 2012இல் டொராண்டோவில் படங்களை வகைப்படுத்தும் அலெக்ஸ்நெட் வலைப்பின்னல் பயிற்றுவிக்கப்பட்டதும் தலா 3 ஜிபி கொண்ட இரண்டு ஜிடிஎக்ஸ் 580 விளையாட்டுக் கார்டுகளில்தான். அதன்பின் வந்த நூலகங்கள் பெரும்பாலும் கூடாவை நம்பியே எழுதப்பட்டதால், போட்டியாளர் நல்ல சிப் செய்தால் மட்டும் போதாது என்ற நிலை உருவாயிற்று.

3090இன் 24 ஜிபி எதற்குப் போதும்? 700 கோடி பாராமீட்டர் கொண்ட மொழி மாதிரியின் எடைகள் (பயிற்சியில் கற்கப்படும் எண்கள்) 16 பிட்டில் ஏறத்தாழ 14 ஜிபி. அது சிரமமின்றி ஓடுகிறது. 1300 கோடி என்றால் 26 ஜிபி ஆகிவிடும், ஆகவே 8 அல்லது 4 பிட்டுக்குச் சுருக்கியே ஏற்ற முடியும். பயிற்சியில் நிலைமை இன்னும் இறுக்கமானது: 700 கோடி மாதிரியை முழுமையாக மறுபயிற்சி செய்ய இந்த நினைவகம் காணாது, சிறு கூடுதல் எடைகளை மட்டும் பயிற்றுவிக்கும் லோரா போன்ற சிக்கன முறைகளையே நாட வேண்டும்.

வெப்பத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 3090இன் 24 நினைவகச் சில்லுகளில் பாதி பலகையின் பின்புறத்தில் இருப்பதால், நீண்ட பயிற்சியின்போது பின்தகட்டில் கை வைக்க முடிவதில்லை. மின்வரம்பை 350 வாட்டிலிருந்து 280 வாட்டாகக் குறைத்து ஓட்டுகிறேன். வேகத்தில் இழப்பு சொற்பமே, மின்விசிறியின் இரைச்சலோ நன்றாகவே அடங்கிவிடுகிறது.

2022இல் வந்த 4090இலும் அதே 24 ஜிபிதான். 3090இல் இருந்த, இரு கார்டுகளை நேரடியாகப் பிணைக்கும் என்விலிங்க் இணைப்பும் அதில் இல்லை. அதே ஆண்டின் தரவு மையக் கார்டான எச்100க்கு 80 ஜிபி கிடைத்தது. தரவு மையச் சந்தையைக் காக்கும் வேலியாகவே நினைவகம் இங்கே பயன்படுகிறது என்பது என் கணிப்பு. 1080 டிஐ வைத்திருப்போர் கவனிக்க வேண்டியது: 2025இல் வந்த கூடா 13, அது சேர்ந்த பாஸ்கல் தலைமுறையைக் கைவிட்டுவிட்டது, 12ஆம் பதிப்போடு நிறுத்திக்கொண்டால் அது இன்னும் ஓடும். பழைய 3090 வாங்குவோர், குறைந்தது அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டி, நினைவக வெப்பநிலையைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.