பக்கத்து சீட்டில் வேர்வை வாடை: நேரில் சொல்வதா, எச்.ஆரிடம் போவதா, ஜாடை காட்டுவதா?

கூட வேலை பார்ப்பவர் மேல் வாடை அடிக்கிறது. என்ன செய்வது? எப்படிச் சுற்றி வந்தாலும் நாலு வழிதான். பொறுத்துக்கொண்டு இருந்துவிடலாம், அல்லது சீட்டை மாற்றிக்கொள்ளலாம். ஜாடைமாடையாகப் புரியவைக்கப் பார்க்கலாம். மேனேஜரிடமோ எச்.ஆரிடமோ சொல்லி அவர்களைப் பேசச் சொல்லலாம். இல்லை, நாமே தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். நான் கடைசி வழியில் போனவன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும்.

முதல் வழியைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. எங்களுடையது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன். சின்ன அறை, சாத்திய ஜன்னல், ஸ்ப்ளிட் ஏசி. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே இழுப்பதில்லை. இருக்கிற காற்றையே திரும்பத் திரும்பக் குளிரவைக்கும். சீட்டை எங்கே போட்டாலும் அதே காற்றுதான். நாம் நகர்ந்தால் அந்த சீட்டுக்கு இன்னொருவர் வருவார். பொறுத்துக்கொள்பவர்களும் வாயை மூடிக்கொண்டு பொறுப்பதில்லை, டீக்கடையில் பேசிவிடுகிறார்கள்.

மற்ற மூன்றையும் எடை போடுவதற்கு முன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். வேர்வைக்கு என்று பெரிதாக வாடை கிடையாது. உடம்பு முழுக்க இருக்கும் சுரப்பிகளிலிருந்து வருவது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான். அக்குளிலும் தொடையிடுக்கிலும் இருக்கும் வேறு வகைச் சுரப்பிகள் பருவ வயதுக்குப் பிறகுதான் வேலையை ஆரம்பிக்கும். அவற்றிலிருந்து வரும் பிசுபிசுப்பைத் தோலில் இருக்கும் பாக்டீரியாக்கள் தின்று கழிப்பதுதான் வாடை. இன்னொன்று, ஒரே வாடையில் கொஞ்ச நேரம் இருந்தால் மூக்கு அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதை நிறுத்திவிடும். நாள் முழுக்கத் தன் சட்டைக்குள்ளேயே இருப்பவருக்குத் தன் வாடை தெரியாது. திமிரும் இல்லை, அலட்சியமும் இல்லை, நிஜமாகவே தெரியாது.

ஜாடை வழி தோற்பது இதனால்தான். தெரியாதவருக்கு எதை ஜாடையாகக் காட்டுவது? அவர் உள்ளே வந்ததும் ரூம் ஃப்ரெஷ்னர் அடித்தால், ஏதோ வாசனைக்கு அடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். எல்லோருக்கும் பொதுவாக ‘சுத்தம் பேணுங்கள்’ என்று மெயில் அனுப்பிப் பார்த்தாயிற்று. யாருக்காக அனுப்பினார்களோ அவர் அதைப் படித்துவிட்டு வேலையைப் பார்த்தார். தினம் ரெண்டு வேளை குளிக்கிற எங்கள் பில்லிங் அக்காதான் அன்று முழுக்கத் தன் துப்பட்டாவை முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறந்தநாளைக்கு டியோடரன்ட் வாங்கித் தருவது இன்னொரு பிரபலமான யோசனை. கடையில் கிடைக்கும் டப்பாக்களில் பலவும் வெறும் சென்ட்தான். துவைக்காத சட்டை மேல் அடித்தால் ரெண்டு வாடையும் சேர்ந்து தலைவலி வரும். வேர்வையைக் குறைக்க வேண்டுமென்றால் அலுமினிய உப்பு கலந்த ஆன்டிபெர்ஸ்பிரன்ட் வேண்டும். அதையும் ராத்திரி, ஈரமில்லாத தோலில் தடவினால்தான் சரியாகப் பிடிக்கும். இதையெல்லாம் பரிசு டப்பா சொல்லித் தராது. பேர் போடாத துண்டுச் சீட்டை மேஜையில் வைப்பதைப் பற்றி ஒன்றே ஒன்று: அதைப் படித்தவர் அன்றிலிருந்து அறையில் இருக்கும் ஒவ்வொரு முகத்தையும் சந்தேகப்படுவார்.

எச்.ஆர் வழியில் நியாயம் இல்லாமல் இல்லை. பேசுவது அவர்கள் வேலை, அதற்கென்று பழகியிருப்பார்கள். நமக்கும் அவருக்கும் முகம் முறியாது. அவர் நமக்கு மேலே இருப்பவர் என்றால் வேறு வழியும் இல்லை. ஆனாலும் நான் அந்தப் பக்கம் போகாததற்கு ஒரே காரணம்தான். விஷயம் எத்தனை காதுக்குப் போகிறது என்பது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் செக்‌ஷன் தலைவரிடம் சொல்வேன். அவர் மேனேஜரிடம் சொல்வார். மேனேஜர் எச்.ஆருக்கு மெயில் போடுவார், அதில் இன்னொருவர் சிசியில் இருப்பார். எச்.ஆரில் பெரியவர் சின்னவரிடம், ‘நீயே பேசிடும்மா’ என்பார். வாடை அடிக்கிறது என்ற தகவல் உரியவருக்குப் போய்ச் சேருவதற்குள் அரை டஜன் பேர் அதைக் கையில் வைத்துப் பார்த்திருப்பார்கள். முன்பு நான் இருந்த கம்பெனியில் இப்படித்தான் நடந்தது. கண்ணாடிக் கேபினுக்குள் ஒரு பையனைக் கூப்பிட்டுப் பேசினார்கள். உள்ளே பேசுவது வெளியே கேட்காது, சரி. ஆனால் எதற்குக் கூப்பிட்டார்கள் என்பது சாயங்கால டீக்குள் ரெண்டு மாடிக்கும் தெரிந்துவிட்டது. மறுவாரம் அவனுக்கு ‘ஸ்ப்ரே’ என்று பேர் வைத்தாயிற்று. அவன் அதற்கப்புறம் மாறிவிட்டான், தினம் இஸ்திரி போட்ட சட்டை, நல்ல வாசனை. பேர் மட்டும் மாறவில்லை. வேலையை விட்டுப் போகும் நாளில்கூட பிரிவுபசார கேக்கில் அந்தப் பேரைத்தான் எழுதினார்கள். விளையாட்டுக்காம்.

வாடையை ஒரு வாரத்தில் போக்கிவிடலாம். அது பலருக்குத் தெரிந்திருந்தது என்பதை அந்த மனிதர் அந்த ஆபீஸில் இருக்கும்வரை சுமக்க வேண்டும். மீட்டிங்கில் யாராவது நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினாலே ‘நமக்காகத்தானோ’ என்று தோன்றும். அதிலும் ப்ரொபேஷனில் இருப்பவரை எச்.ஆர் கூப்பிட்டால், அவர் காதில் விழுவது வாடை விஷயம் அல்ல, வேலை போகப்போகிறது என்பதுதான்.

நேரில் சொல்வதில் இந்தக் கணக்கு ரெண்டு காதோடு நின்றுவிடும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ‘எல்லாரும் சொல்றாங்க’ என்ற வார்த்தை வாயில் வரவே கூடாது. நமக்குத் தைரியம் பத்தாதபோது அந்த ‘எல்லாரும்’ தானாக முன்னால் வந்து நிற்கும். அதைச் சொன்ன நிமிஷத்தில் தனியாகக் கூப்பிட்டதற்கே அர்த்தமில்லாமல் போய்விடும். எல்லோரும் சொன்னது உண்மையாகவே இருந்தாலும், நான்தான் கவனித்தேன் என்று சொல்ல வேண்டும். அந்தப் பொய்யைத் தாராளமாகச் சொல்லலாம்.

எங்கள் செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்திருந்த தம்பியிடம் சனிக்கிழமை சாயங்காலம் வண்டி ஸ்டாண்டில் வைத்துச் சொன்னேன். நடுவில் ஒரு ஞாயிறு இருந்தால் மறுநாளே முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, சட்டையைத் துவைக்கவும் நேரம் கிடைக்கும்.

“தம்பி, ஒரு விஷயம். பக்கத்துல உக்கார்றதால நான் கவனிச்சேன், வேற யார்கிட்டயும் பேசல. சட்டையில வேர்வை வாடை வருது. நம்ம வாடை நமக்குத் தெரியாது, அதான் சொல்றேன். எனக்கு இருந்தா நீங்களும் சொல்லிடணும்.”

அவ்வளவுதான். முகம் சுண்டிப்போனது. ஹெல்மெட் பட்டையைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். அப்புறம், “துணி காயவே மாட்டேங்குதுண்ணே” என்றார்.

அப்போது கார்த்திகை மாசம், அடைமழை. ஒரே ரூமில் நாலு பேர், ஒரு பாத்ரூம், மொட்டை மாடியில் துணி போட முடியாது. கம்பெனி கொடுத்த யூனிஃபார்ம் ரெண்டே செட். ராத்திரி துவைத்து, ரூமுக்குள்ளேயே கயிறு கட்டிப் போட்டு, காலையில் அரை ஈரத்தோடு மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார். குளிக்காமல் ஒன்றும் இல்லை. ஈரத்துணியில் வரும் அந்த முடை வாடைக்குக் காரணம் மொராக்செல்லா ஓஸ்லோஎன்சிஸ் என்ற பாக்டீரியா என்று 2012-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். சோப்பு போட்டாலும் ஓரளவு தப்பிப் பிழைத்து, துணி ஈரமாக இருக்கும்வரை பெருகும். உடம்புச் சூடு பட்டதும் வாடை கிளம்பும். பாலியஸ்டர் கலந்த துணி பருத்தியைவிட வேர்வை வாடையை அதிகம் பிடித்து வைக்கும் என்பது வேறு. எங்கள் யூனிஃபார்ம் அந்த ரகம்தான்.

எச்.ஆர் கூப்பிட்டிருந்தால் ‘தினம் குளிங்க, டியோ போடுங்க’ என்றிருப்பார்கள். அவரும் தலையாட்டிவிட்டு வந்திருப்பார். துணி காயாத கதை அங்கே வெளியே வந்திருக்காது. திங்கட்கிழமை நான் அட்மினில் போய், மழைக்காலத்துக்கு எல்லோருக்கும் மூன்றாவது செட் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று பொதுவாகக் கேட்டேன். யார் பேரும் அதில் இல்லை. கொஞ்சம் இழுத்தடித்து, சைஸ் குழப்பத்தோடு கொடுத்தார்கள். மற்றபடி அவர் செய்தது எளிய வேலைகள்தான்: துணியை வெந்நீரில் ஊறவைத்தார், கயிற்றுக்கு நேராக ஃபேனை வைத்தார், படிகாரக் கல் ஒன்று வாங்கிக்கொண்டார்.

என்ன சொல்வது என்பதைவிட எதைச் சொல்லக் கூடாது என்பதில் இன்னும் கவனம் வேண்டும். சாப்பாட்டைப் பற்றிப் பேசக் கூடாது. டிபன் பாக்ஸில் கருவாடு இருந்தால் அது சுத்தக்குறைவு ஆகாது. தலைக்கு வைக்கும் எண்ணெய், வீடு, ஊர், எதையும் இழுக்கக் கூடாது. வாடையைச் சொல்லி மனிதர்களைத் தள்ளி வைத்த ஊர் இது. சட்டை வேர்வை என்று ஆரம்பித்த பேச்சு ‘உங்க வீட்ல எப்பவும் இப்படித்தானா’ என்று ஒரு அடி நகர்ந்தாலும் அது சாதிப் பேச்சாகிவிடும், சொன்னவர் மனதில் அப்படி இல்லாவிட்டாலும். தண்ணீர் விஷயமும் அப்படித்தான். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றோம். அப்போது வாடகை ரூமில் இருந்தவரிடம் தினம் தலைக்குக் குளி என்று யாராவது சொல்லியிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்?

நேரில் சொல்வதுதான் எப்போதும் சரி என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நான் சொன்னது ஆணாக இன்னொரு ஆணிடம், வயதில் சின்னவரிடம். ஒரு பெண்ணிடம் நான் போய்ச் சொல்லியிருக்க மாட்டேன். அவருக்கு நெருக்கமான இன்னொரு பெண்ணிடம் விட்டிருப்பேன். ஒரு காது கூடினாலும் அதுதான் முறை. மேலதிகாரியிடம் சொல்லிப் பார்த்த அனுபவம் எனக்குக் கிடையாது, தைரியமும் கிடையாது. வாய் வாடை என்றால் பெரும்பாலும் ஈறு, நாக்கு விஷயம், பல் டாக்டர் பார்க்க வேண்டியது. அதை எப்படிப் பேச்சில் கொண்டு வருவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நோயும் இருக்கலாம். ட்ரைமெத்திலமினூரியா என்று ஒன்று உண்டு. மரபணுக் கோளாறால் ஒரு வேதிப்பொருளை உடம்பு உடைக்க முடியாமல், வேர்வையிலும் மூச்சிலும் மீன் வாடை வரும். எத்தனை முறை குளித்தாலும் போகாது. அபூர்வம்தான். அளவுக்கு மீறி வேர்ப்பது அவ்வளவு அபூர்வம் இல்லை, அதற்கு வைத்தியமும் இருக்கிறது. நாம் டாக்டர் ஆக வேண்டாம். அவர் “எனக்கு ஒரு பிரச்னை இருக்கு” என்றால் அத்தோடு விட்டுவிட வேண்டும். நேற்றுவரை பளிச்சென்று வந்தவர் திடீரென்று கசங்கிய சட்டையும் எண்ணெய் இறங்கிய முகமுமாக வர ஆரம்பித்தால் வாடையைப் பற்றியே பேச வேண்டாம். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேளுங்கள்.

ஒரு தடவை சொல்லி மாறவில்லை என்றால்? சில வாரம் விட்டு இன்னொரு தடவை சொல்லலாம். அதற்கும் அசையவில்லை என்றால் எச்.ஆருக்கு மெயில் போடாமல், அவருக்கு நேரே மேலே இருக்கும் ஒருவரிடம் வாயால் மட்டும் சொல்லுங்கள். சொல்லப்போகிறேன் என்பதை முதலில் அவரிடமே சொல்லிவிட்டுப் போங்கள்.