மணலில் வேர்விட்ட காடு: மிச்சிகன் ஏரிக்கரையில் எந்தப் பாதையில் நடப்பது?

அமெரிக்காவின் மிச்சிகன் ஏரிக்கரைக்குக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, "எந்த மணல்மேடு அதிக உயரம்?" என்பதுதான். சறுக்கி விளையாட வரும் பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி போதும். நடக்க வருகிறவர் கேட்க வேண்டியது வேறு: மணல் எந்த இடத்தில் காடாகிறது, அந்த மாற்றத்தை எந்தப் பாதை நன்றாகக் காட்டுகிறது? இந்த அளவுகோலோடு மூன்று இடங்களைப் பார்க்கலாம். தெற்கு முனையில் இந்தியானா டியூன்ஸ் தேசியப் பூங்கா, வடக்கே ஸ்லீப்பிங் பேர் டியூன்ஸ் தேசிய ஏரிக்கரை, இரண்டுக்கும் நடுவே அதிகம் பேசப்படாத நோர்ட்ஹவுஸ் டியூன்ஸ் வனப்பகுதி.

மூன்றிலும் மணல் வந்த கதை ஏறக்குறைய ஒன்றே. பனியாறுகள் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற மண்ணை ஏரி அலைகள் சலித்தன. மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வீசும் காற்று அதைக் கரையேற்றிக் குவித்தது. வேறுபாடு, குவிந்த மணலின் மேல் என்ன முளைத்தது, மனிதர்கள் அதை என்ன செய்தார்கள் என்பதில்தான் இருக்கிறது.

இந்தியானாவை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சொல்ல அதிகம் இருப்பது அங்கேதான். 1966-இல் தேசிய ஏரிக்கரையாக அறிவிக்கப்பட்டு, 2019 பிப்ரவரியில் தேசியப் பூங்காவாகத் தரம் உயர்ந்த இடம். சுமார் 15 மைல் கடற்கரை. ஏரிக்கரை என்றுதான் எழுத வேண்டும்; ஆனால் மறுகரை தெரியாத அந்தத் தண்ணீரின் முன்னால் நின்றால் 'கடற்கரை' என்றுதான் வாயில் வருகிறது. சிகாகோ பல்கலைக்கழகத் தாவரவியலாளர் ஹென்றி கௌல்ஸ் இந்த மணல்மேடுகளை ஆராய்ந்து 1899-இல் எழுதிய கட்டுரைதான் ஒரு நிலத்தில் தாவர இனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடம் மாறும் வரிசையைப் பற்றிய முன்னோடி ஆய்வாகக் கருதப்படுகிறது. நீர்விளிம்பிலிருந்து உள்ளே நடக்க நடக்க மணலின் வயது கூடுகிறது. முதலில் வெறும் மணல், பிறகு மாரம் புல், பிறகு காட்டன்வுட் மரங்கள், பைன், கடைசியில் கருப்பு ஓக். நூற்றாண்டுகள் எடுத்த மாற்றத்தை அரை மணி நேரத்தில் கடந்துவிடலாம்.

இதைச் சுருக்கமாகப் பார்க்க வெஸ்ட் பீச்சில் உள்ள ஒரு மைலுக்கும் குறைவான சுற்றுப்பாதை போதும். சுமார் 250 மரப்படிகள் உண்டு. படிக்கட்டில் ஏறுவது என்ன நடைப்பயணம் என்று சலிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: படி இருப்பதால் கண் காலைவிட்டு விலகுகிறது. இருபுறமும் நிற்கும் மாரம் புல்லைப் பாருங்கள். காற்றில் வளைந்த தாளின் நுனி மணலைத் தொட்டுச் சுழன்று, கவராயம் வைத்து இழுத்ததுபோல் சுத்தமான வட்டங்களைப் போட்டிருக்கும். மேலே மணல் மூட மூட இந்தப் புல் இன்னும் தழைக்கிறது. மனிதக் கால் மிதித்தால் மடிகிறது. அது மடிந்த இடத்தில் காற்று மணலைக் குடைந்தெடுக்க, மேட்டில் பள்ளம் விழுகிறது. பாதையை விட்டு இறங்காதீர்கள் என்ற பலகை வெறும் கண்டிப்புக்காக வைத்ததன்று.

முழு நடை வேண்டுமென்றால் கௌல்ஸ் பாக் பாதை. 4.7 மைல். சதுப்பு நிலம், குளங்கள், ஓக் காடு எல்லாம் கடந்து, ஏரிக்கு முன்னால் செங்குத்தான மணல் ஏற்றம், பிறகு ஆளரவம் குறைந்த கரை. தூத்துக்குடித் தேரிக்காட்டில் நடந்த கால்களுக்கு இந்த ஏற்றம் புரியும்: இரண்டடி வைத்தால் ஓரடி கீழே வரும். நிறம்தான் செம்மண் இல்லை.

இந்தப் பூங்காவின் குறையையும் மறைக்க வேண்டியதில்லை. கௌல்ஸ் பாக் கரையில் நின்று பக்கவாட்டில் திரும்பினால் தொழிற்சாலை தெரியும். எஃகு ஆலைகளும் மின்நிலையமும் பூங்காவைத் துண்டு துண்டாக வெட்டியிருக்கின்றன. பக்கத்து மிச்சிகன் சிட்டியில் சுமார் 200 அடி உயரமாக நின்ற ஹூசியர் ஸ்லைட் என்ற மணல்மேட்டைக் கண்ணாடி செய்வதற்காக 1920 வாக்கில் முழுவதுமாக அள்ளித் தீர்த்துவிட்டார்கள். ஊறுகாயும் பழமும் போட்டுவைக்கும் கண்ணாடிச் சீசாக்களாக அந்தக் குன்று வீடு வீடாகப் போய்விட்டது. அந்த இடத்தில் இன்று மின்நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரம் நிற்கிறது. தூய இயற்கையை எதிர்பார்த்து வருகிறவருக்கு இது உறுத்தும். எனக்கு இந்த உறுத்தல் பிடித்திருக்கிறது. எதை எதிர்த்து இவ்வளவாவது காப்பாற்றினார்கள் என்பது கண்ணெதிரே இருக்கிறது.

மவுண்ட் பால்டி தனி எச்சரிக்கை. 126 அடி உயரமுள்ள இந்த மேடு இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. பின்னால் இருக்கும் ஓக் காட்டை விழுங்கிக்கொண்டே போகிறது. புதைந்த மரங்கள் உள்ளே மக்கி, அடிமரம் இருந்த இடம் வெற்றுக் குழியாகிவிடும். மேலே பார்த்தால் சமமான மணல்தான். 2013 ஜூலையில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் அப்படியொரு குழிக்குள் விழுந்து, மூன்று மணி நேரத்துக்கும் மேல் புதைந்திருந்து உயிரோடு மீட்கப்பட்டான். அதற்குப் பிறகு உச்சிக்கு ரேஞ்சர் துணையோடு மட்டுமே போக முடியும். கீழே ஏரிக்குப் போகும் பாதை திறந்திருக்கிறது.

இந்தியானாவின் இன்னொரு பெரிய பலம் ரயில். சிகாகோ நகர மையத்திலிருந்து சவுத் ஷோர் ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாக டியூன் பார்க் நிலையம். அங்கிருந்து மாநிலப் பூங்காவுக்கு நடந்தே போகலாம். ஆம், தேசியப் பூங்காவுக்கு நடுவே மாநிலப் பூங்கா ஒன்று தனியாக இருக்கிறது. ஒன்றின் நுழைவுச்சீட்டு மற்றொன்றில் செல்லாது. மாநிலப் பூங்காவுக்குள் ஜாக்சன், ஹோல்டன், டாம் என்ற மூன்று மேடுகளையும் 1.5 மைலில் ஏறி இறங்கும் சவால் பிரபலம். மொத்த ஏற்றம் 552 அடி. கூட்டமும் அதற்கேற்ப இருக்கும்.

ஸ்லீப்பிங் பேருக்கு வருவோம். காட்சிக்கு இதை மிஞ்ச மற்ற இரண்டாலும் முடியாது. எம்பயர் பிளஃப் பாதை போய்வர 1.5 மைல்தான், பீச் மரங்களும் மேப்பிள் மரங்களும் நிறைந்த காட்டுக்குள் நிழலிலேயே நடந்து, திடீரென்று ஏரிக்கு 400 அடி மேலே வெளிப்படுவீர்கள். வயதான பெற்றோரையும் மெதுவாக அழைத்துப் போகலாம். காட்டிலிருந்து இறங்கி வந்தால் ஊரில் சாப்பாடும் கிடைக்கும்.

ஆனால் இங்கே மலைபோல் தெரிவது முழுவதும் மணல் அன்று. பனியாறு குவித்துவிட்டுப் போன மேட்டு நிலத்தின் தலைமேல் மணல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பியர்ஸ் ஸ்டாக்கிங் சாலையின் ஒன்பதாம் நிறுத்தத்தில் 450 அடிச் சரிவைப் பார்த்துவிட்டு, ஆர்வத்தில் ஏரி வரை சறுக்கி இறங்குகிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு. இறங்கச் சில நிமிடங்கள், ஏறிவர மணிக்கணக்கு. இறங்காதீர்கள்.

டியூன் கிளைம்ப் என்ற மணற்சரிவில் தொடங்கி ஏரிக்குப் போய்வரும் 3.5 மைல் பாதைதான் இங்கே பலருடைய இலக்கு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். நிழலே இல்லை, ஒரு மேடு ஏறினால் அடுத்த மேடு தெரியும், ஏரி தெரியாது. காடும் மணலும் கலக்கும் அழகு அங்கே மிகக் குறைவு. அலிகேட்டர் ஹில் பாதையை இன்னும் 'அடர்ந்த காடு' என்று எழுதுகிறவர்களை நம்ப வேண்டாம். 2015 ஆகஸ்ட் புயலில் அங்கே மரங்கள் ஏராளமாகச் சாய்ந்துவிட்டன.

என் வாக்கு நோர்ட்ஹவுஸுக்கு. 1987-இல் சட்டப்படி வனப்பகுதியாக அறிவிக்கப்பட்ட 3,450 ஏக்கர். மிச்சிகன் மாநிலத்தின் கீழ்த் தீபகற்பத்தில், அமெரிக்க வனத்துறையின் நிலங்களில் அந்தத் தகுதி பெற்றது இது ஒன்றுதான். உயரம் 140 அடிக்கு மேல் இல்லை. படம் எடுத்துப் போட்டால் யாரும் வியக்கப் போவதில்லை. ஆனால் 3,500 முதல் 4,000 ஆண்டு வயதுள்ள மேடுகளின் முதுகில் ஹெம்லாக் என்ற ஊசியிலை மரங்கள் நிற்கின்றன. அவற்றுக்கு இடையே சிறு நீர்நிலைகள். ஒரு வளைவு திரும்பினால் ஜூனிபர் புதர், மறு வளைவில் வெறும் மணல். இந்தியானாவில் பாடநூல்போல் வரிசையாக இருப்பது இங்கே கலைத்துப் போட்டுக் கிடக்கிறது. காலடியில் ஊசியிலைப் படுகை மெத்தென்று இருக்கும். அதை விரலால் கீறினால் ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே வெளுத்த மணல் வந்துவிடும். இவ்வளவு பெரிய மரங்கள் இவ்வளவு மெல்லிய மண்ணை நம்பித்தான் நிற்கின்றன.

அதற்கு விலையும் உண்டு. வழிகாட்டிப் பலகைகள் மிகக் குறைவு, பாதைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிளை பிரியும். வரைபடமும் திசைகாட்டியும் இல்லாமல் நுழையக் கூடாது. சைக்கிள், தள்ளுவண்டி எதற்கும் அனுமதி இல்லை. கூடாரம் போட்டால் நீர்விளிம்பிலிருந்து 400 அடி தள்ளித்தான் போட வேண்டும். குடிநீருக்கு ஏரி இருக்கிறது, வடிகட்டி மட்டும் கொண்டுபோக வேண்டும். உப்புக் கடலோரத்தில் கிடைக்காத வசதி இது.

கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு எம்பயர் பிளஃப். கார் இல்லாத மாணவர்களுக்கு இந்தியானா. ஓரிரவு தங்கத் துணிந்தவர்களுக்கு நோர்ட்ஹவுஸ். வாரன் டியூன்ஸ், ஹாஃப்மாஸ்டர் ஆகிய மாநிலப் பூங்காக்கள் போகிற வழியில் இருந்தால் எட்டிப் பார்க்கலாம். ஹாஃப்மாஸ்டரின் 193 படி ஏற்றம் அரை மணி நேர வேலைதான்.

பருவம் பற்றி: வசந்தம் முதலே உண்ணிகள் உண்டு, முழுக்கால் சட்டை அவசியம். கோடையின் பிற்பகுதியில் தெற்கிலிருந்து சூடான காற்று வீசும் நாளில் கணுக்காலைக் கடிக்கும் ஈக்கள் கரையோரம் குவிந்துவிடும். அன்று காட்டுப் பாதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். செப்டம்பர் கடைசியும் அக்டோபரும் மூன்று இடங்களுக்கும் நல்ல காலம். குளிர்காலத்தில் போவதானால் கரையை ஒட்டி உறைந்து நிற்கும் பனித்திட்டின் மேல் கால் வைக்காதீர்கள். தரைபோல் தெரியும், அடியில் பொந்தும் தண்ணீரும்தான் இருக்கும்.