சாப்பிட மறுக்கும் சிறுத்தைப் பல்லியோடு நான்கு குளிர்காலங்கள்

லண்டனில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். தம் பத்து வயது மகள் லெப்பர்ட் கெக்கோ எனப்படும் சிறுத்தைப் பல்லி வேண்டும் என்று ஒரு மாதமாக நச்சரிப்பதாகச் சொல்லிவிட்டு, "அது எதையும் தின்னாமல் பட்டினி கிடக்குமாமே, நீங்கள் என்னதான் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். நான் அப்போது சமையலறைத் தராசின் மேல் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தை வைத்து, அதற்குள் எங்கள் பல்லி மிளகை உட்கார்த்தி எடை பார்த்துக்கொண்டிருந்தேன். 61 கிராம். அது கடைசியாக வாய் திறந்து உண்டு பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. அந்த எரிச்சலில் ஒரு வரியில் பதில் சொன்னால் மிளகுக்கும் நியாயமாக இருக்காது, நண்பருக்கும் உதவாது என்பதால், "எழுதி அனுப்புகிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

தொட்டி எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும், ஈரக்குகை எங்கே வைக்க வேண்டும், புற ஊதா விளக்கு வேண்டுமா என்பதையெல்லாம் வாங்க நினைக்கும் எவரும் ஒரே மாலையில் படித்துவிடலாம். நான் சொல்ல வந்தது தீனிப் பூச்சிகளைப் பற்றியும், அவற்றை இந்தப் பிராணியின் வாய்க்குள் கொண்டு சேர்ப்பதைப் பற்றியும் மட்டுமே. கடைக்காரர்கள் சொல்லாமல் விடுவதும் பெரும்பாலும் இந்தப் பகுதியைத்தான்.

மிளகு 2021 அக்டோபரில், ஏறக்குறைய ஆறு மாதக் குட்டியாக எங்கள் வீட்டுக்கு வந்தது. விற்றவர், "எதைப் போட்டாலும் தின்னும்" என்றார். இரண்டு மாதம் அவர் சொன்னது உண்மையாகவே இருந்தது. கிண்ணத்தில் மாவுப்புழு ஐந்தாறு போட்டால் காலைக்குள் காலியாகிவிடும். மாவுப்புழுவைப் போல வசதியான தீனி வேறில்லை. ஓட்ஸ் பரப்பிய டப்பாவில், ஈரத்துக்கு ஒரு கேரட் துண்டோடு குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் வாரக்கணக்கில் கிடக்கும், சத்தமில்லை, ஓட்டமில்லை, விலையும் குறைவு. பிறகு ஒருநாள் மிளகு கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தது. மறுநாளும் அப்படியே. நான்காம் நாள் பதற்றத்தில் நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. கடைக்குப் போய் மெழுகுப்புழு வாங்கி வந்தேன்.

மெழுகுப்புழு என்பது தேன்கூட்டுக்குள் புகுந்து மெழுகைத் தின்னும் அந்துப்பூச்சியின் புழு. வெண்ணெய் நிறம், வெண்ணெய் போன்ற உடல். எடையில் நூற்றுக்கு ஏறக்குறைய 25 பங்கு கொழுப்பு. மாவுப்புழுவில் 13, சுவர்க்கோழியில் 7 பங்குதான். மிளகு அதை நுகர்ந்ததும் கவ்விய வேகத்தைப் பார்த்து நாங்கள் குடும்பமாகக் கைதட்டினோம். தினமும் இரண்டு கொடுத்தோம். மூன்றாவது வாரம் அது மெழுகுப்புழுவைத் தவிர வேறெதையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. சோற்றைத் தள்ளிவிட்டு அப்பளத்தை மட்டும் தின்று எழுந்துபோகும் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பிள்ளையை மிரட்டவாவது முடியும். அதை அந்தப் பழக்கத்திலிருந்து மீட்க ஐந்து வாரம் பிடித்தது. மெழுகுப்புழுவை நசுக்கி அதன் சாற்றை மாவுப்புழுவின் மேல் தடவி நீட்டினேன். மிளகு சாற்றை நக்கிவிட்டுப் புழுவை விட்டுவிட்டது.

அந்த ஐந்து வாரத்தில் ஒருநாள் மாவுப்புழு ஒன்று இடுக்கியிலிருந்து நழுவிக் கல்லின் மேல் விழுந்து வேகமாக நெளிந்தது. அதுவரை அலட்சியமாக இருந்த மிளகு திரும்பி ஒரே பாய்ச்சலில் எடுத்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது: கிண்ணத்தின் அடியில் சோம்பிக் கிடக்கும் புழு அதன் கண்ணில் இரையாகவே படவில்லை. அன்றிலிருந்து நான் பூச்சிகளை அவற்றின் சத்தைப் பார்த்து மட்டும் வாங்குவதில்லை, அவை எப்படி நடக்கின்றன என்று பார்த்தே வாங்குகிறேன்.

அப்படிப் பார்த்தால் முதலில் நிற்க வேண்டியது சுவர்க்கோழி. சுறுசுறுப்பு, கொழுப்புக் குறைவு, எல்லாக் கடையிலும் கிடைக்கும். ஆனால் அதன் சுறுசுறுப்பு அளவு கடந்தது. மிளகு குறிபார்த்து முடிப்பதற்குள் அது தொட்டியின் மறுமூலையில் இருக்கும். இரண்டு முறை தவறவிட்டால் மிளகு குகைக்குள் போய்விடும், அன்றைய உணவு அத்தோடு முடிந்தது. தின்னாமல் விட்ட சுவர்க்கோழியை இரவில் தொட்டியிலேயே விட்டுவைக்கவும் கூடாது. அது தூங்கும் பல்லியின் தோலைக் கடித்துவிடும். ஆகவே இரவு பதினொரு மணிக்குக் கைவிளக்கோடு சுவர்க்கோழி பிடிக்கும் வேலை நமக்கு. கறுப்பு வகையில் ஒன்று தப்பித்துக் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் குடியேறிப் பதினோரு இரவு பாடியது. ஊரிலிருந்து அப்போதுதான் வந்திருந்த அம்மாவுக்கு மட்டும் அந்தச் சத்தத்தில் நன்றாகத் தூக்கம் வந்ததாம்.

அம்மா காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுக் கும்பிட்டவர். இந்தப் பல்லி எப்போதாவது 'சொல்லும்', பலன் பார்க்கலாம் என்று காத்திருந்தார். மிளகு ஒருநாளும் சொல்லவில்லை. நான் இடுக்கியோடு அரை மணி நேரம் குந்தியிருப்பதைப் பார்த்துவிட்டு, "உனக்கே நான் இவ்வளவு நேரம் உட்கார்ந்து ஊட்டினதில்லடா" என்றார்.

டூபியா கரப்பானைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். தாளில் எழுதிக் கூட்டிக் கழித்தால் அதற்குத்தான் முதலிடம். வழவழப்பான சுவரில் ஏறாது, கத்தாது, நாறாது, சதைப்பற்று உண்டு, நீண்ட நாள் சாகாது. எங்கள் வீட்டில் அது தோற்றதற்கு இரண்டு காரணங்கள். பயந்தால் அது அப்படியே உறைந்து நின்றுவிடும். நின்ற பொருள் மிளகுக்குக் கல்லும் ஒன்று, கரப்பானும் ஒன்று. இரண்டாவது காரணம் என் மனைவி. பம்பாயில் கரப்பானோடு போராடி வளர்ந்தவர், காசு கொடுத்துக் கரப்பான் வாங்கும் வீட்டில் தாம் இருக்க முடியாது என்று சொல்லிவிட்டார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

வெட்டுக்கிளிக்கு வந்தது 2022 வசந்தத்தில். பிரிட்டனில் இது எல்லாச் செல்லப்பிராணிக் கடையிலும் டப்பாவில் கிடைக்கிறது. அமெரிக்காவில் இருப்பவர்களுக்குச் சட்டம் இடம் தராது. மூன்றரைப் பவுண்டு அளவில் ஒரு டப்பா, உள்ளே ஒரு டஜனுக்கு மேல் இறக்கை முளைக்காத குஞ்சுகள், ஏறி நிற்க முட்டை அட்டைத் துண்டு ஒன்று. சிறுத்தைப் பல்லியின் பூர்வீகம் ஆப்கானிஸ்தானும் பாகிஸ்தானும் இந்தியாவின் வடமேற்குமாக இருப்பதையும், 2020 தொடக்கத்தில் பாலைவன வெட்டுக்கிளிக்காகப் பாகிஸ்தான் அவசரநிலை அறிவித்ததையும் நினைத்துப் பார்த்தால், இந்த இரண்டுக்கும் பழைய அறிமுகம் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அதற்கு மேல் இதில் ஆராய்ச்சி எதுவும் இல்லை, என் ஆசைதான்.

அதன் நடையைப் பாருங்கள். நான்கடி எடுத்து வைக்கும், நிற்கும், மீசையை ஆட்டும், மறுபடி இரண்டடி. ஓடி மறைவதுமில்லை, உறைந்துபோவதுமில்லை. இரவு ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு ஒரு குஞ்சைக் கல்லின் மேல் விட்டால், குகை வாசலில் முதலில் ஒரு மூக்கு தெரியும். பிறகு மிளகு நான்கு காலையும் நிமிர்த்தி வயிற்றைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு, பூனையைப் போல் ஒவ்வோர் அடியாக வைத்து வரும். ஒரு சாண் தொலைவில் நிற்கும். தலையைச் சாய்க்கும். அப்போது அந்தத் தடித்த வாலின் நுனி மட்டும் தனியாக உயிர் வந்ததுபோல் துடிதுடிக்கத் தொடங்கும். உடலின் மற்றப் பகுதி சிலை. அந்தத் துடிப்பு நின்றதும் அடி விழும். மென்று விழுங்கும்போது கண்களை மூடிக்கொள்ளும், ஏனென்றால் நம் வீட்டுச் சுவர்ப் பல்லிக்கு இல்லாத இமை இதற்கு உண்டு. விழுங்கி முடித்ததும் நாக்கால் உதட்டைச் சுற்றி ஒரு துடைப்பு. இந்த ஒன்றரை நிமிடத்துக்காக நான் பல சனிக்கிழமை இரவுகளில் வெளியே போகாமல் இருந்திருக்கிறேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

நடைமுறையில் சில சங்கதிகள். பூச்சியின் நீளத்தைவிட அதன் பருமன் முக்கியம். பல்லியின் இரு கண்களுக்கு நடுவிலுள்ள அகலத்தைத் தாண்டக் கூடாது. கொடுப்பதற்கு ஒருநாள் முன்பே பூச்சிக்கு நல்ல கீரையும் கேரட்டும் போட்டு அதன் வயிற்றை நிரப்ப வேண்டும். கால்சியம் பொடியைக் கோலமாவு போல் அப்பினால் மிளகு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். சிறு பையில் போட்டு ஒரு குலுக்குக் குலுக்கி, மேலே புகைபடர்ந்தாற்போல் இருந்தால் போதும். பொடியே வேண்டாம் என்று விட்டுவிடவும் முடியாது, இந்தப் பூச்சிகள் எல்லாவற்றிலும் சுண்ணாம்புச்சத்து குறைவு; அது குறைந்தால் தாடை எலும்பு மெலிந்து, பிறகு பல்லி உண்மையிலேயே கடிக்க முடியாமல் போகும். துள்ளும் வெட்டுக்கிளியைப் பத்து நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அடங்கும்.

வெட்டுக்கிளியோடு எல்லாம் தீர்ந்தது என்று நினைத்திருந்தபோது 2022இன் குளிர்காலம் வந்தது. மின்சாரமும் எரிவாயுவும் விலையேறிய அந்த ஆண்டு எல்லோரையும் போல நாங்களும் வீட்டுச் சூட்டைக் குறைத்து, கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தோம். மிளகு டிசம்பரில் உண்பதை நிறுத்தியது. எடை 62இலிருந்து ஜனவரிக் கடைசியில் 55க்கு இறங்கியது, வாலும் இளைத்தது. நான் அதன் வீம்பு என்றே நினைத்தேன். பூச்சியை மாற்றினேன், இடுக்கியை மாற்றினேன், உணவு நேரத்தை மாற்றினேன். எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டதால் ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுபோனோம். எச்சத்தைச் சோதித்துக் கிருமி இல்லை என்றவர், "வெப்பக் கல்லின் மேற்பரப்புச் சூடு எவ்வளவு?" என்று கேட்டார். நான் தெர்மோஸ்டாட்டில் தெரியும் எண்ணைச் சொன்னேன்: 32. "அதை நான் கேட்கவில்லை, கல்லின் மேற்பரப்பை அளந்தீர்களா?" என்றார்.

அளந்ததில்லை. கொரோனாக் காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அதே மாதிரி, பொருள்களின் சூட்டை அளக்கும் துப்பாக்கி ஒன்றை வாங்கிக் கல்லின் மேல் காட்டினேன். 26. உணரியைக் கல்லுக்கு அடியில், சூடேற்றும் பாயின் மேலேயே வைத்திருந்தேன். பாய் 32ஐத் தொட்டதும் தெர்மோஸ்டாட் தன் கடமை முடிந்தது என்று அணைந்துவிடும். ஒரு விரல் தடிமன் கல்லின் மேல், குளிர்ந்த அறையில், மிளகுக்குக் கிடைத்தது 26தான். வயிற்றில் போனதைச் செரிக்க அதற்குத் தன் உடம்பில் சூடு கிடையாது, கல்தான் தர வேண்டும். செரிக்காது என்று தெரிந்து உண்ண மறுத்த பிராணியை ஆறு வாரம் நான் பிடிவாதக்காரி என்று திட்டிக்கொண்டிருந்தேன். உணரியைக் கல்லுக்கு மேலே மாற்றினேன். மூன்றாம் நாள் இரவு அது இரண்டு வெட்டுக்கிளி தின்றது. புதுப் பூச்சி தேடிக் கடை கடையாக அலைவதற்கு முன் அந்த ஒரு கருவியை வாங்கிவிடுங்கள்.

இப்போதைய பத்தொன்பது நாள் பட்டினிக்குச் சூடு காரணமில்லை. அளந்துவிட்டேன், 32. தூக்கி வயிற்றைப் பார்த்தால் தோலுக்கடியில் இருபுறமும் மங்கலான வட்டங்கள் தெரிகின்றன. ஆணே இல்லாவிட்டாலும் பெண் பல்லிக்கு ஆண்டுதோறும் கரு முட்டை உருவாகும், அந்த வாரங்களில் பல பல்லிகள் உண்பதில்லை. எடை இரண்டு கிராம்தான் குறைந்திருக்கிறது. கவலைப்பட ஒன்றுமில்லை என்று புத்திக்குத் தெரிகிறது.

தெரிந்து என்ன பயன்? வாராவாரம் மூன்றரைப் பவுண்டு கொடுத்து வாங்கி, கீரை போட்டு வளர்த்து, டப்பாவின் அடியில் சேரும் கழிவைக் கொட்டி, உண்ணாத பிராணியின் முன் வெட்டுக்கிளியை நடக்கவிட்டு, திரும்பப் பிடித்து டப்பாவில் போடுகிறேன். குளிர்காலத்தில் ஒருமுறை இணையத்தில் வாங்கிய பார்சலில் பாதி விறைத்துச் செத்து வந்தது; பணத்தைத் திருப்பித் தந்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். மகளுக்கு மீன் வாங்கிக் கொடுங்கள். வாங்கித்தான் தீர வேண்டும் என்றால் கணக்குப்படி டூபியா, கைக்கு அடக்கமாக மாவுப்புழு, ஆனால் நான் சொல்வது வெட்டுக்கிளி. மெழுகுப்புழு டப்பா இருக்கும் அலமாரிப் பக்கமே போக வேண்டாம். முடிவெடுப்பதற்கு முன் ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மகளை அழைத்து வாருங்கள், அதற்குள் மிளகு உண்ணத் தொடங்கியிருக்கும், அந்த வாலைப் பார்க்கலாம்.

நேற்றிரவு டப்பாவில் ஒரு வெட்டுக்கிளி தன் கடைசித் தோலையும் உரித்துவிட்டு, முட்டை அட்டையில் தலைகீழாகத் தொங்கியபடி இறக்கையை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. இனி அது மிளகின் வாய்க்கு அடங்காது. காலையில் அதற்கு ஒரு முட்டைக்கோஸ் இலை வைத்தேன்.