ஸ்லீவா, பைபாஸா? குடியையும் சாப்பாட்டையும் வைத்து ஓர் அலசல்

எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குத் தயாராகிறவர்கள் ஸ்லீவையும் பைபாஸையும் எத்தனை கிலோ குறையும் என்ற கணக்கில்தான் பெரும்பாலும் ஒப்பிடுகிறார்கள். இனிப்புப் பிரியருக்கு எது, நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு எது, அவ்வப்போது மது அருந்துகிறவருக்கு எது என்பதெல்லாம் பின்னுக்குப் போய்விடுகின்றன. ஆனால் சிகிச்சைக்குப் பிந்தைய ஒவ்வொரு நாளையும் தீர்மானிப்பவை இந்தக் கேள்விகளே.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேலாக நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது 100 முதல் 150 மில்லி கொள்ளும் ஒரு குழாய். இரைப்பையின் வாசலில் நின்று உணவைச் சிறிது சிறிதாகக் குடலுக்கு அனுப்பும் பைலோரஸ் தசை அப்படியே இருக்கும். பைபாஸில் இரைப்பையின் மேல்நுனியில் சுமார் 30 மில்லி கொள்ளும் பை ஒன்றைப் பிரித்து, நேரே சிறுகுடலோடு இணைக்கிறார்கள். உணவு இனி பைலோரஸ் வழியாகப் போகாது. காவலாளி இருக்கிறாரா இல்லையா என்ற இந்த வேறுபாட்டிலிருந்துதான் மற்ற பலவும் கிளைக்கின்றன.

மது உடலில் என்ன செய்கிறது?

சாதாரண வயிற்றில் மது கொஞ்ச நேரம் தங்கும். அங்கேயே ஒரு சிறு பங்கு நொதியால் சிதையும். மீதி மெதுவாகக் குடலுக்கு இறங்கும். பைபாஸ் செய்தவருக்கு முதல் மிடறு உள்ளே போன சில நிமிடங்களில் குடலில் இருக்கிறது. இரத்தத்தில் அளவு விறுவிறுவென்று ஏறி, உச்சமும் மிக உயரமாகப் போகிறது. 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், பைபாஸ் செய்த பெண்கள் இரண்டு அளவு மது குடித்தபோது ஏறிய உச்சம், சிகிச்சை செய்யாத பெண்களுக்கு நான்கு அளவு குடித்தால் வருவதைப் போல இருந்தது. ஓர் அளவு என்றால் 14 கிராம் ஆல்கஹால்: 5 சதவீத பீரில் 350 மில்லி, ஒயினில் 150 மில்லி, 40 சதவீத மதுவில் 45 மில்லி.

ஸ்லீவ் என்றால் பயமில்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. தொடக்ககால ஆய்வுகள் சிலவற்றில் பெரிய மாற்றம் தெரியவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஊதிப் பார்த்து மது அளவைக் காட்டும் மூச்சுக் கருவியை நம்பாமல், முதல் நிமிடங்களிலிருந்தே இரத்தம் எடுத்துப் பார்த்தபோது, ஸ்லீவிலும் உச்சம் ஏறக்குறைய பைபாஸ் போலவே இருந்தது. அந்த வேகமான உச்சத்தை மூச்சுக் கருவி பிடிக்கத் தவறியது. எனவே 'ஊதிப் பார்த்தேன், குறைவாகத்தான் காட்டியது' என்று வண்டியை எடுப்பது ஆபத்து. சிகிச்சைக்குப் பிறகு ஒரு மடக்கு குடித்தாலும் அன்று வண்டி ஓட்டாதீர்கள்.

இரைப்பையைச் சுற்றிப் பட்டை மாட்டும் பேண்ட் முறையில் மது உறிஞ்சப்படும் விதம் அதிகம் மாறுவதில்லை. அமெரிக்காவில் 2,000-க்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், பைபாஸ் செய்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் குடிச் சிக்கலின் அறிகுறிகள் தோன்றின. பேண்ட் போட்டவர்களில் ஏறத்தாழ ஒன்பதில் ஒருவருக்கு. அதே ஆய்வில் முதல் ஆண்டில் ஏற்றம் தெரியவில்லை. இரண்டாம் ஆண்டில்தான் தெரிந்தது. எடை குறைந்து, மருத்துவரைப் பார்ப்பதும் குறைந்துபோகும் காலம் அது. எனவே இரண்டாம் ஆண்டில் பரிசோதனைக்குப் போவதை விட்டுவிடக் கூடாது.

முற்றாக விடுவதா, அளவோடு வைத்துக்கொள்வதா?

முன்பு குடிப்பழக்கம் கட்டுமீறிப் போனவர்கள் முற்றாக விட்டுவிட வேண்டும். ஸ்லீவைத் தேர்ந்தெடுப்பது இதற்கு மாற்று ஆகாது. மற்றவர்களும் குறைந்தது ஆறு மாதம் தொடக் கூடாது. ஒரு வருடம் என்றால் இன்னும் நல்லது.

அதற்குப் பிறகும் ஒரு முரண்பாடு இருக்கிறது. வெறும் வயிற்றில் குடிக்காதே என்பது பொது அறிவுரை. சாப்பாட்டோடு எந்தத் திரவமும் கூடாது என்பது சிகிச்சைக்குப் பிந்தைய விதி. இரண்டையும் காப்பாற்ற ஒரே வழி: முட்டை, மீன் போலப் புரதம் உள்ள உணவை முதலில் சாப்பிட்டு, 30 நிமிடம் காத்திருந்து, அரை அளவை ஒரு மணி நேரத்துக்கு நீட்டி உறிஞ்ச வேண்டும். சோடா, குளிர்பானம், பழச்சாறு எதையும் கலக்க வேண்டாம். ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி இருக்கிறது. நீங்கள் நாள் முழுக்கச் சாப்பிடும் சிறிய அளவுகளுக்கு நடுவே அது பெரிய தொகை.

பைபாஸ் செய்தவருக்கு இன்னும் இரண்டு கவலைகள். உணவுக்குப் பின் 1 முதல் 3 மணி நேரத்தில் இரத்தச் சர்க்கரை தாழும் பழக்கம் சிலர் உடலுக்கு வந்துவிடும். கல்லீரல் சர்க்கரை தயாரிப்பதை மது தடுப்பதால் அது மோசமாகும். தள்ளாட்டத்தைப் பார்ப்பவர்கள் போதை என்று நினைத்து விட்டுவிடுவார்கள். உடனிருப்பவருக்கு முன்பே சொல்லி வையுங்கள். அடுத்தது, பையும் குடலும் சேரும் இடத்தில் வரும் புண். புகையும் இபுபுரோஃபன் வகை வலி மாத்திரையும் அதற்கு முக்கியக் காரணங்கள். இவற்றோடு மதுவும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

சாப்பாட்டில் யாருக்கு எது?

இனிப்பை விட முடியாதவருக்கு பைபாஸ் ஒரு கடிவாளம். ஒரு கிண்ணம் ஐஸ்கிரீம் சாப்பிட்ட கால் மணி நேரத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிடிப்பு, பேதி எல்லாம் வரிசையாக வரும். இதை டம்பிங் என்பார்கள். எல்லோருக்கும் வருவதில்லை, வருபவருக்கும் காலப்போக்கில் குறையலாம். ஸ்லீவில் இது பைபாஸைவிடக் குறைவாகவே நடக்கும் என்பதால் இனிப்பு எளிதாக இறங்கிவிடலாம். நெஞ்செரிச்சல் ஏற்கெனவே கடுமையாக இருப்பவருக்கு ஸ்லீவ் அதைக் கூட்டலாம்; அவருக்கு பைபாஸே பொருத்தம்.

நாள் முழுக்கக் கொறிப்பவருக்கு இரண்டுமே உதவாது. உலர்ந்த கோழித் துண்டு நெஞ்சில் நிற்கும்; சிப்ஸும் பிஸ்கட்டும் கரைந்து நழுவிவிடும். எடை திரும்புவதற்கு இது ஒரு முக்கிய வழி. தினம் 60 முதல் 80 கிராம் புரதம், மெதுவாக மென்று ஒரு வேளைக்கு 20 நிமிடம் என்பது இரு தரப்புக்கும் பொது. பைபாஸில் இரும்பும் கால்சியமும் உறிஞ்சப்படும் இடமே தாண்டிப் போகப்படுவதால் மாத்திரைகள் வாழ்நாள் முழுவதும் வேண்டும். கால்சியம் சிட்ரேட்டாக இருக்கட்டும். இரும்பு மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.

எந்தச் சிகிச்சையானாலும், நாட்கணக்கில் வாந்தி தொடர்ந்தாலோ குடியால் சாப்பாடு குறைந்தாலோ தையமின் (வைட்டமின் பி1) சத்து வேகமாகத் தீர்ந்துபோகும். பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தடுமாறுவது, குழப்பம் இவை அதன் அடையாளங்கள். அவசரப் பிரிவில் முதல் வார்த்தையாக 'எனக்கு எடைக் குறைப்பு ஆபரேஷன் ஆகியிருக்கிறது' என்று சொல்லுங்கள். குளுக்கோஸ் ஏற்றும் முன் தையமின் ஏற்ற வேண்டும் என்பது மருத்துவருக்கு அப்போதுதான் உறைக்கும்.