பர்மிங்காமா, லீஜா: ஒரே விலையில் இரண்டு பழைய துவக்குகள்

இங்கிலாந்தில் இருக்கும் மச்சான் போன வாரம் ஒரு ஏலத்துப் படங்களை அனுப்பினான். இரண்டும் வெளியே குதிரை (தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியல்) வைத்த பழைய ரெட்டைக்குழல் துவக்குகள். இரண்டும் குழலின் அளவில் 12 போர், விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். "பார்த்துச் சொல்லு மச்சான், மறுகா என்னை ஏசாத" என்று கீழே ஒரு வரி.

அவனுக்கு அப்பப்பா, எனக்கு அம்மப்பா. மட்டக்களப்புப் படுவான்கரையில் வயல் வட்டைக் காவலுக்கு அவர் வைத்திருந்தது இதே சாதித் துவக்குதான். பன்றி இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி. அதற்கு மேல் அதற்கு வேலை இருந்ததாக எனக்கு நினைவில்லை. சண்டைக் காலத்தில் ஒப்படைத்தது, திரும்பி வரவில்லை. இங்கே இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்னும் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் எடுத்து, வருடாவருடம் புதுப்பித்து... நமக்குச் சரிவராது. அவனிடம் அங்கே ஷாட்கன் சான்றிதழ் இருக்கிறது. ஆகவே ஆசை என்னுடையது, காசு அவனுடையது.

முதலாவது பர்மிங்காமில் செய்தது. விசைக்காவலை ஒட்டிக் கீழே ஒரு நீள லீவர் படுத்திருக்கும். அதைப் பக்கமாகத் தள்ளினால்தான் குழல் மடியும். 1859இல் ஹென்றி ஜோன்ஸ் என்ற துவக்குக் கம்மியர் காப்புரிமை எடுத்த முறை இது. திறக்க நேரம் எடுக்கும், ஆனால் நூற்றைம்பது வருடத்துக்குப் பிறகும் ஆட்டம் காணாத பிடி. இரண்டாவது பெல்ஜியத்து லீஜ் நகரத்தது. மேலே சின்ன லீவர், பெருவிரலால் ஒரு தள்ளு, திறந்துவிடும். துவக்குக் கம்மியர்களான பர்டி 1863இல் கொண்டுவந்த அடித்தாழ்ப்பாளும் ஸ்கொட் 1865இல் கொண்டுவந்த தண்டும் சேர்ந்த அமைப்பு. இதைத்தான் பிறகு உலகமே எடுத்துக்கொண்டது.

குதிரைகளைப் பாருங்கள். பர்மிங்காம் துவக்கின் குதிரைகள் தோட்டாவைக் குத்தும் ஊசியின் தலையிலேயே படுத்துக் கிடக்கின்றன. திறப்பதற்கு முன் கையால் பாதி இழுத்து நிறுத்த வேண்டும். மறந்து, தோட்டா உள்ளே இருக்கும்போது குதிரையில் ஒரு அடி பட்டால் வெடிதான். 1867இல் ஸ்டாண்டன் இதற்கு மருந்து கண்டுபிடித்தார்: அடித்த குதிரை தானாகவே பின்வாங்கி நிற்கும் பூட்டு, அதாவது குதிரையை இயக்கும் பொறி. லீஜ் துவக்கில் அது இருக்கிறது. இயந்திரமாகப் பார்த்தால் லீஜுக்கே வெற்றி. ஆனால் சேகரிப்பவனுக்கு அந்தப் பழைய பூட்டுதான் இனிப்பு, அதையும் சொல்ல வேண்டும்.

இனிக் குழல். மச்சான் மயங்கியது இங்கேதான். லீஜ் குழலில் டமாஸ்கஸ் வரி மருதமுனைக் கைத்தறிச் சாரத்தின் கரை போல நுணுக்கமாக ஓடுகிறது. இரும்புக் கம்பியையும் உருக்குக் கம்பியையும் சேர்த்து முறுக்கி, நாடாவாக்கி, ஒரு தண்டில் சுற்றிச் சூட்டோடு அடித்து ஒட்டிய குழல் அது. பர்மிங்காம் குழலிலும் வரி உண்டு, மங்கிப் பழுப்பாகிவிட்டது. ஆனால் "ஆங்கிலேயக் குழல் உறுதி, பெல்ஜியக் குழல் மட்டம்" என்ற பேச்சை நம்ப வேண்டாம். லீஜுக்குப் பக்கத்து வெஸ்டர் பள்ளத்தாக்கில் அடித்த குழல்களைப் பர்மிங்காம்காரர்களே மொத்தமாக வாங்கிப் பூட்டினார்கள். இந்த இரண்டும் ஒரே ஆற்றங்கரையில் பிறந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

பயம் வேறு. வெறும் உருக்குக் குழலில் வரியை மேலே மட்டும் போட்டு ஏமாற்றிய காலமும் உண்டு. அதனால் முன்கட்டையைக் கழற்றி, மறைந்திருக்கும் அடிப்பக்கத்திலும் வரி தொடர்கிறதா என்று படம் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

குழலின் அடித்தட்டையில் இருக்கும் சோதனை முத்திரைகள்தான் பிறப்புச் சான்றிதழ். லீஜ் துவக்கில் முட்டை வடிவத்துக்குள் ஈ.எல்.ஜி. என்ற லீஜ் சோதனை எழுத்துகள், மேலே கிரீடம். கிரீடம் 1893இல்தான் சேர்ந்தது, ஆகவே விற்பவர் எழுதியிருக்கும் "1880" பொய். பர்மிங்காம் துவக்கில் கிரீடமும் குறுக்கிட்ட செங்கோல்களும். 1875 முதல் 1887 வரை, வாய் ஒடுங்கிய குழல்களில் 'குண்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் குத்துவார்கள். இதில் அது இல்லை. பூட்டும் பழசு. நான் 1870களின் தொடக்கம் என்கிறேன்.

இரண்டிலும் புகையற்ற மருந்துக்கான சோதனை முத்திரை இல்லை. கரிமருந்துக்கு மட்டும் சோதித்தவை. அந்தக் காலத்துத் தோட்டா அறை பெரும்பாலும் 65 மில்லிமீட்டர், இன்று கடையில் கிடைக்கும் தோட்டா பெரும்பாலும் 70. உள்ளே அழகாகப் போய்விடும், வெடிக்கும்போது தோட்டாவின் வாய் விரிய இடமிருக்காது, அழுத்தம் ஏறும். "ஒன்று சுட்டுப் பார்ப்போம்" என்று அவன் கேட்டால் பதில் ஒன்றுதான்: முதலில் அங்கத்தையத் துவக்குக் கம்மியரிடம் காட்டு, குழலின் உள்ளளவை எடுக்கச் சொல்.

கட்டையில் எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. வறண்ட கச்சான் காற்றில் கட்டை வெடிக்கும் என்று அம்மப்பாவின் துவக்குக்குத் தேங்காய் எண்ணெயை ஊற்றி ஊற்றி, பூட்டுத் தகட்டைச் சுற்றி மரம் கறுத்து, நகம் வைத்தால் பதியும் அளவுக்கு இளகிவிட்டது. லீஜ் துவக்கில் அதே இடத்தில் அதே கறுப்பு தெரிகிறது. திருகாணித் தலைகளும் கடிபட்டிருக்கின்றன. யாரோ வீட்டில் வைத்துத் திறந்திருக்கிறார்கள். ஆனால் குழல் மட்டும் நேற்றுச் செய்தது போல மினுங்குகிறது. மரம் கிழவன், குழல் குமரன் என்றால் இடையில் ஒரு கை பட்டிருக்கிறது. பர்மிங்காம் துவக்கில் எல்லாமே ஒன்றாகக் கிழடுபட்டிருக்கிறது. திருகாணி வாய்கள் அப்படியே நேராக நிற்கின்றன.

பர்மிங்காமை எடு என்று எழுதிவிட்டேன். உடனே பதில் வந்தது: "சரி மச்சான். அப்பப்பாட துவக்கு எது மாதிரி?"

அவர் காவல் வாடி வாசலில் குந்தியிருந்து, பெருவிரலால் மேலே ஒரு தள்ளுத் தள்ளித்தான் குழலை மடிப்பார். அந்தக் 'களக்' சத்தம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இன்னும் பதில் போடவில்லை. ஏலம் சனிக்கிழமை.