பின்பால் மெஷினுக்குப் புதுத் திரை: பிளாஸ்மாவா, எல்இடியா, கலர் பேனலா?

சிகாகோவில் வில்லியம்ஸ் கம்பெனி 1992இல் செய்த 'ஃபிஷ் டேல்ஸ்' பின்பால் மெஷின் ஒன்று, அதாவது எஃகு உருண்டையைக் கீழே விழாமல் அடித்து ஆடும் மெஷின், என்னிடம் இருக்கிறது. ஒருநாள் சுவிட்சைப் போட்டேன். பாட்டு வந்தது, விளக்குகள் எரிந்தன, உருண்டையைத் தட்டும் ஃபிளிப்பர்கள் அடித்தன. திரை மட்டும் கறுப்பு.

திரை போய்விட்டது, புதுசு வாங்கிப் போட்டால் முடிந்தது என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அவசரப்பட வேண்டாம். சந்தையில் மூன்று வழி இருக்கிறது: பழையபடி பிளாஸ்மா பேனல், ஒரே நிற எல்இடி பேனல், அல்லது பல நிறம் காட்டும் கலர் பேனல். ஒரே மின்கோளாறு இந்த மூன்றிலும் மூன்று விதமாக நடந்துகொள்ளும். ஒன்றில் வெளியே தெரியும், ஒன்றில் மறைந்துபோகும், ஒன்றில் வேறு உருவத்தில் வந்து நிற்கும். மூன்றையும் இந்த ஒரே மெஷினில் மாட்டிப் பார்த்தேன். ஒன்று சொந்தமாக வாங்கியது, மற்ற இரண்டும் நண்பரிடம் இரவல்.

முதலில் மீட்டர்

இந்தத் திரைக்கு டாட் மேட்ரிக்ஸ் என்று பெயர். அகலத்தில் 128, உயரத்தில் 32, மொத்தம் 4,096 புள்ளிகள். பழைய பேனல் வாயு நிரப்பிய கண்ணாடி. அதை எரியவைக்க உயர் மின்னழுத்தம் வேண்டும். வில்லியம்ஸின் அந்தக் கால மெஷின்களில் பேனலுக்குப் போகும் 8 முனை கனெக்டரில் மைனஸ் 125, மைனஸ் 113, பிளஸ் 62 என்று மூன்று உயர் வோல்ட்டுகள் வரும். கூடவே சில்லுகளுக்காக 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும். மைனஸ் 125க்கும் பிளஸ் 62க்கும் நடுவே கிட்டத்தட்ட 187 வோல்ட் டிசி நிற்கிறது என்பதை மனதில் வையுங்கள். கைபட்டால் தூக்கிப் போடும். சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மிச்சம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கி, சில நிமிடம் விட்டு, மீட்டரில் பூஜ்யத்தைப் பார்த்த பிறகே கை வைக்கிறேன். கரன்ட் இருக்கும்போது அளக்க வேண்டியிருந்தால் ஒரு கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வேன்.

பேனலிலிருந்து கனெக்டரைக் கழற்றிவிட்டு, மீட்டரின் கறுப்பு முனையை பேக்பாக்ஸில் (மெஷினின் பின்னால் நிமிர்ந்து நிற்கும் பெட்டி) ஓடும் கிரவுண்ட் பட்டையில் கவ்வவிட்டு அளந்தேன். 5 வோல்ட் இருந்தது, 12 இருந்தது. உயர் வோல்ட்டுகளில் சில வரவில்லை. திரையை இயக்கும் டிஸ்ப்ளே கன்ட்ரோலர் போர்டில் எஃப்601, எஃப்602 என்று இரண்டு 3/8 ஆம்ப் ஃபியூஸ்கள் உண்டு. அதில் ஒன்று போயிருந்தது. அதே அளவில், மெதுவாக உருகும் வகை ஃபியூஸ் ஒன்றைப் போட்டேன். பேனல் இல்லாமல் அளந்தபோது மைனஸ் 122, மைனஸ் 110 என்று வந்தது. இந்த இரண்டுக்கும் இடையே 12 வோல்ட் வித்தியாசம் இருப்பது ரொம்ப முக்கியம். சரி, சப்ளை ஓரளவு நன்றாகத்தான் இருக்கிறது என்று பேனலை மாட்டினேன். மைனஸ் 122 சட்டென்று 98க்கு இறங்கியது. திரை எரிந்தது, ஆனால் இரு ஓரங்களிலும் புள்ளிகள் ஒன்றோடொன்று கரைந்து தெரிந்தன.

ஃபியூஸ் ஏன் போனது என்பதற்கு அதுதான் விடை. பழைய கண்ணாடி தேய்ந்து, சப்ளையால் கொடுக்க முடிந்ததைவிட அதிகமாக உறிஞ்சிக்கொண்டிருந்தது. பேனலை மாட்டினால் 10 வோல்ட்டுக்கு மேல் சரிந்தால் என் சந்தேகம் பேனல் மேல் போகும். பேனல் இல்லாதபோதே வோல்ட் வரவில்லை என்றால் சந்தேகம் போர்டு மேல். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் எந்தப் பேனலுக்கும் காசு கொடுக்காதீர்கள்.

பிளாஸ்மா

நண்பரிடமிருந்து வாங்கி வந்த நல்ல பிளாஸ்மாவை மாட்டியதும், சொல்லத்தான் வேண்டும், மனசு நிறைந்தது. அந்த நியான் ஆரஞ்சு வெளிச்சம், உருண்டையான புள்ளி, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கிப்போகிற அசைவு, இதையெல்லாம் எல்இடி முழுசாகக் கொடுப்பதில்லை. அந்தக் கால வரைகலைஞர்கள் இந்த வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் படம் வரைந்தார்கள்.

ஆனால் பிளாஸ்மா போட வேண்டுமென்றால் அதற்குச் சோறு போடும் சப்ளையையும் சரிசெய்தாக வேண்டும். கன்ட்ரோலர் போர்டில் உயர் வோல்ட் பகுதியைப் பாருங்கள். பெரிய 5 வாட் ரெசிஸ்டர்களுக்குக் கீழே பலகை பழுப்பேறியிருக்கும், சில இடத்தில் கருகியே இருக்கும். அங்கே ஜீனர் டையோடுகள், டிரான்சிஸ்டர்கள், 160 வோல்ட் கெப்பாசிட்டர்கள் எல்லாம் முப்பது வருடச் சூட்டில் வெந்தவை. ஒன்று மட்டும் போனதென்று அதை மட்டும் மாற்றினால் அடுத்தது போகும், போகும்போது புதுப் பேனலையும் இழுக்கும். நான் செய்வது: அந்தப் பகுதியை மொத்தமாகக் கழற்றிப் புதிதாக அடுக்குவது. ரெசிஸ்டர்களைப் பலகையிலிருந்து கொஞ்சம் தூக்கி வைத்துப் பற்றவைப்பேன். காற்று போக வழி வேண்டும். பவரைப் போடும் முன், பேனல் இல்லாமல் மூன்று வோல்ட்டையும் அளந்து எழுதிவைத்துக்கொள்வேன்.

பேனலைக் கையாளும்போது ஒரு எச்சரிக்கை. கண்ணாடியின் பின்பக்கம், வாயுவை அடைத்து மூடிய இடத்தில் சின்னதாக ஒரு கண்ணாடி மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். நகத்தளவுதான். அதை மேசையில் லேசாக இடித்தால்கூட உடையும், வாயு போகும், பேனல் அந்த நொடியே செத்தது. மடித்த துணியின் மேல், முகம் கீழே இருக்கும்படி வையுங்கள்.

புதிய பிளாஸ்மா கிடைப்பது அரிதாகிவிட்டது. பழையதை வாங்கினால் அது எத்தனை மணிநேரம் எரிந்தது என்பது தெரியாது. நாளெல்லாம் எரியவிடும் இடத்துக்கு இது சரிப்படாது.

ஒரே நிற எல்இடி

இதன் பெரிய நன்மை மின்சாரக் கணக்கில்தான் இருக்கிறது. இதற்கு உயர் வோல்ட்டே வேண்டாம். பேனலைப் பொறுத்து 5 வோல்ட்டிலோ 12 வோல்ட்டிலோ ஓடும். எஃப்601, எஃப்602 இரண்டையும் கழற்றி வைத்துவிடலாம். கருகிய ரெசிஸ்டர்கள் குளிர்ந்துவிடும், ஷாக் பயமும் பெருமளவு குறையும். உயர் வோல்ட் சப்ளை செத்துப்போன மெஷினில் இதைப் போட்டால் பத்தே நிமிடத்தில் திரை எரியும். பிளாஸ்மாவுக்காக ஒரு வார இறுதி போகிற இடத்தில் இது பெரிய லாபம்.

ஆனால் ஃபியூஸைக் கழற்றாமல் அப்படியே மாட்டுகிறவர்கள் அதிகம். திரை எரிகிறதே, போதும் என்று விட்டுவிடுகிறார்கள். யாருக்கும் பயன்படாத உயர் வோல்ட் பகுதி உள்ளே கொதித்துக்கொண்டே இருக்கும். அதைவிட மோசமான ஒன்றை நண்பர் ஒருவருடைய மெஷினில் பார்த்தேன். அந்த 8 முனை கனெக்டரில் மூன்றாவது துளையை ஒரு சின்ன பிளாஸ்டிக் அடைத்திருக்க வேண்டும். தவறான இடத்தில் செருக முடியாமல் தடுப்பது அதுதான். என்றைக்கோ அது விழுந்துவிட்டிருந்தது. அவர் இருட்டில் தடவிச் செருகியபோது கனெக்டர் ஒரு முனை தள்ளி உட்கார்ந்தது. எட்டாவதில் இருந்த 62 வோல்ட் ஏழாவதில், அதாவது 12 வோல்ட் போக வேண்டிய இடத்தில், இறங்கியது. பெட்டியிலிருந்து பிரித்த புதுப் பேனல் ஒரு நொடியில் போனது. ஃபியூஸை முதலிலேயே கழற்றியிருந்தால் அந்த 62 வோல்ட்டாவது வந்திருக்காது. கம்பிகளை இழுக்காமல் கனெக்டரின் உடலைப் பிடித்து, டார்ச் அடித்துப் பார்த்துச் செருகுங்கள்.

என் மெஷினில் வந்த தொல்லை வேறு. எல்இடி போட்ட அன்று எல்லாம் அழகாக ஓடியது. மல்டிபால், அதாவது ஒரே நேரத்தில் பல உருண்டைகள், வந்து இரண்டு ஃபிளிப்பரையும் சேர்த்து அடித்ததும் மெஷின் தானாக ரீசெட் ஆனது. பேனல் கெட்டது என்றுதான் நினைத்தேன். அளந்தால் 5 வோல்ட் 4.8க்குக் கீழே நின்றது. நான் வாங்கிய பேனல் 5 வோல்ட்டிலிருந்து இழுக்கும் ரகம். ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்த சப்ளைக்கு இது கடைசிப் பாரமாக இருந்தது. வில்லியம்ஸ் மெஷின்களில் இந்த ரீசெட் ரொம்பப் பிரபலமான நோய். பவர் டிரைவர் போர்டில் ஏசியை டிசியாக்கும் பிஆர்2 என்ற பிரிட்ஜ் ரெக்டிஃபையரும், சி5 என்ற 15,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் வழக்கமான குற்றவாளிகள். இரண்டையும் மாற்றினேன், கனெக்டர் முனைகளில் விரிசல் விட்ட ஈயத்தை மறுபடி பற்றவைத்தேன், ரீசெட் நின்றது. அந்தக் கோளாறு எல்இடிக்கு முன்பே அங்கே இருந்தது. பிளாஸ்மா உயர் வோல்ட்டில் வாழ்ந்ததால் தெரியவில்லை. வாங்கும்போதே எந்த வோல்ட்டில் இழுக்கிறது என்று கேளுங்கள். 5 வோல்ட் தளர்ந்த மெஷினுக்கு 12 வோல்ட் ரகம் நல்லது.

கலர் பேனல்

மூன்றிலும் விலை அதிகம் இதுதான். மெஷின் அனுப்பும் ஒவ்வொரு காட்சியையும் இதற்குள் இருக்கும் செயலி படித்து, எந்தக் காட்சி என்று அடையாளம் கண்டு, அதற்குரிய நிறத்தைப் பூசும். ஒவ்வொரு மெஷினுக்கும் தனி நிறக் கோப்பு வேண்டும். மின்சாரத்தில் எல்இடிக்குச் சொன்னது எல்லாம் இதற்கும் பொருந்தும், ஃபியூஸ் கழற்றுவது உட்பட.

கூடுதலாக ஒன்று: படத்தைப் பேனலுக்குக் கொண்டுபோகும் தட்டையான ரிப்பன் கேபிளைப் பற்றி இது ரொம்பக் கறாரானது. 14 முனை ரிப்பனில் ஒரு கம்பி லூஸாக இருந்தால் பிளாஸ்மா ஏதோ ஒரு கோணலான படத்தைக் காட்டிச் சமாளிக்கும். இங்கே காட்சியே பிடிபடாமல் நிறம் தாவுகிறது. இரவல் பேனலை மாட்டியபோது படகுக் காட்சியில் நிறம் விட்டுவிட்டு வந்தது. ரிப்பனைப் பிடுங்கிப் பார்த்தால் நுனியில் ஒரு முனை பச்சை பிடித்திருந்தது. புது ரிப்பன் போட்டதும் சரியாகிவிட்டது. குழந்தைகள் ஆடும் வீட்டில் இந்தப் பேனல் கொடுக்கும் சந்தோஷம் பெரிது என்பதையும் சொல்ல வேண்டும். எனக்கு மட்டும் இரண்டாவது வாரத்தில் பழைய ஆரஞ்சு ஏக்கம் வந்துவிட்டது.

எதை மாட்டினாலும் வருவது

ஒரு வரிசை முழுக்க எரியவில்லை என்றால் பேனலை மாற்றிப் பாருங்கள். கோடு பேனலோடு போய்விட்டால் பேனல் குற்றம். புதிதிலும் அதே இடத்தில் நின்றால் கன்ட்ரோலர் அல்லது ரிப்பன். படம் மொத்தமும் பனிமழை மாதிரி சிதறினால் ரிப்பன் ஒரு முனை தள்ளிச் செருகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நாணயக் கதவுக்குள் இருக்கும் பட்டன்களை அழுத்தினால் திரைச் சோதனை ஓடும். புள்ளிகளை ஒவ்வொரு வரிசையாக எரியவிட்டுக் காட்டும். பேனலின் பின்பக்க உலோகம் ஸ்பீக்கர் தகட்டில் படுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பழைய மெஷினை அதன் தொழிற்சாலை முகத்தோடு வைத்திருக்க வேண்டும், கையில் சால்டரிங் அயர்ன் பழக்கம் உண்டு என்றால் பிளாஸ்மா. தினமும் ஆட வேண்டும், உயர் வோல்ட் பகுதி செத்துவிட்டது என்றால் யோசிக்காமல் ஒரே நிற எல்இடி. 5 வோல்ட் திடமாக இருந்து, கையில் பணமும் இருந்தால் கலர்.

என் மெஷினில் இப்போது ஓடுவது ஆரஞ்சு எல்இடி. நண்பரின் பிளாஸ்மாவைத் துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கழற்றிய இரண்டு ஃபியூஸையும் ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு, நாணயக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு: "இவை எஃப்601, எஃப்602. எல்இடிக்காகக் கழற்றியது. பிளாஸ்மா மாட்டும் முன் உயர் வோல்ட் பகுதியைச் சரிபார்த்துவிட்டுப் போடவும்."