"கேஸ் போயிடுச்சு சார்": வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும்போது ஏசி பழுது பார்ப்பது பற்றி

சென்னையில் ஏசி மெக்கானிக் கிடைப்பது இப்போது கஷ்டமே இல்லை. காலையில் ஆப்பில் பதிவு செய்தால் பெரும்பாலும் அன்றைக்கே வாசலுக்கு வந்துவிடுகிறார். வேலை தெரிந்தவர்களும் நிறைய. கவனம் வேண்டியது முக்கியமாக ஒரே இடத்தில்: "கேஸ் போயிடுச்சு, ஏத்தணும்" என்று சொல்லும்போது. ஊரில் தனியாக இருக்கும் அம்மா அப்பா ஒவ்வொரு சித்திரையிலும் இதற்கு மூவாயிரம் ரூபாய் வாக்கில் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால், குழாயில் எங்கோ ஓட்டை இருக்கிறது, யாரும் அதைத் தேடவில்லை என்று அர்த்தம்.

ஏசியில் உள்ள கேஸ், சமையல் சிலிண்டர் போல எரிந்து தீர்வதில்லை. கம்ப்ரசரிலிருந்து வெளி யூனிட்டின் சுருள் குழாய் (அவுட்டோர் காயில்), அங்கிருந்து அறைக்குள் இருக்கும் சுருள் குழாய் (இன்டோர் காயில்), மறுபடி கம்ப்ரசர் என்று மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றுகிறது. பத்து வருஷம் ஓடினாலும் குறையக் கூடாது. குறைந்தால் கசிவுதான். முதலில் பார்க்க வேண்டியது, செப்புக் குழாய் யூனிட்டோடு சேரும் ஃபிளேர் நட்டுகள். மாட்டியபோது குறைவாக இறுக்கியிருந்தாலும் கசியும், அளவுக்கு மீறி இறுக்கிக் குழாயின் வாய் விரிசல் விட்டிருந்தாலும் கசியும். அடுத்தது காயில். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று அவுட்டோர் காயிலை அரித்துவிடும். கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் கொஞ்சம் வெளியே வரும் என்பதால், கசிகிற இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் பல நேரம் கண்ணுக்கே தெரியும்.

குளிர் குறைந்தாலே கேஸ் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டில் ஃபில்டரும் காயிலும் தூசியால் அடைத்திருக்கும். காற்று போகாவிட்டால் இன்டோர் காயிலில் ஐஸ் கட்டும். கேஸ் குறைந்தாலும் இதே ஐஸ்தான் கட்டும் என்பதால், முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவும் ஜெட் சர்வீஸ் செய்துவிட்டு ஓடவிட்டுப் பார்ப்பதே சரியான வரிசை. அதற்குச் சென்னையில் 500 முதல் 800 ரூபாய் வரை கேட்கிறார்கள். அவுட்டோர் யூனிட்டின் பின்பக்கம் புறாக் கூடு இருந்தாலும், திருட்டுக்குப் பயந்து நெருக்கமாகக் கம்பி அடைத்திருந்தாலும் சூடு வெளியேறாது. அறை குளிராது.

இன்வெர்ட்டர் வகை (கம்ப்ரசர் வேகம் தேவைக்கேற்ப மாறும் வகை) அல்லாத பழைய ஏசியில் அவுட்டோர் ஃபேன் சுற்றுகிறது, கம்ப்ரசர் மட்டும் "ம்ம்" என்று உறுமிவிட்டு நின்றுவிடுகிறது என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டரை. அதன் அளவு ஒன்றரை டன் ஏசிக்குப் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரோஃபாரட். மீட்டரில் வைத்து, மேலே அச்சிட்ட அளவிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். சில நூறு ரூபாயில் முடியும் வேலை. இதைப் பார்க்காமல் "கம்ப்ரசர் போச்சு, புது ஏசி வாங்கிடுங்க" என்று சொல்வதையும் கேட்க முடிகிறது. இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரசருக்கு இந்தக் கெப்பாசிட்டர் கிடையாது. அங்கே பழுது பெரும்பாலும் அவுட்டோரில் உள்ள பிசிபி என்ற மின்னணுப் போர்டில். நம்மூரில் அதற்கு எமன் பல்லியும் எறும்பும். உள்ளே புகுந்து இரண்டு முனைகளைத் தொட்டால் போர்டு கருகும். அதனால் திரும்பிக் கிளம்பும்போது ரிமோட்டில் அணைத்தால் போதாது, மெயின் பெட்டியில் அந்த ஏசிக்கான எம்சிபி சுவிட்சையே இறக்கிவிட வேண்டும். கருகிய போர்டைச் சரிசெய்து தரும் கடைகளும் இருக்கின்றன. உடனே புதியது வாங்க வேண்டியதில்லை.

கசிவுதான் என்று உறுதியானால் வேலை இப்படி நடக்க வேண்டும். மிச்ச கேஸை எடுத்துவிட்டு, குழாயில் நைட்ரஜனை 300 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு மேல் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, மீட்டர் முள் இறங்காமல் நிற்கிறதா என்று அரை மணி நேரமாவது பார்க்க வேண்டும். ஓட்டையை அடைத்த பிறகு, உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேக்குவம் பம்ப் போட்டு இருபது முப்பது நிமிடம் ஓட்ட வேண்டும். பலர் தவிர்ப்பது இந்தப் படியைத்தான். பம்பைக் கொண்டுவராமல், கொஞ்சம் கேஸை விட்டுக் காற்றைத் தள்ளிவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கும். அது எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் கம்ப்ரசரை மெல்ல அரிக்கும். இன்று குளிரும், விளைவு பிறகுதான் தெரியும்.

கடைசியாக எடை. யூனிட்டின் பக்கவாட்டுத் தகட்டில் கேஸின் வகையும் கிராம் கணக்கும் எழுதியிருக்கும். ஆர்32 என்ற வகை கேஸ் போடும் ஒன்றரை டன் ஏசிக்குப் பொதுவாக ஒரு கிலோவுக்குள்தான். டிஜிட்டல் தராசில் சிலிண்டரை வைத்துத்தான் ஏற்ற வேண்டும். இன்வெர்ட்டரில் கம்ப்ரசர் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் பிரஷர் மீட்டரை மட்டும் நம்பி ஏற்றுவது தவறு. ஆர்22 என்ற பழைய வகை கேஸ் உள்ள ஏசியில் ஓடும்போது 60, 70 பிஎஸ்ஐ காட்டும் இடத்தில் ஆர்32 அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காட்டும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஏற்றக் கூடாது. "தம்பி, தராசு, வேக்குவம் பம்ப் ரெண்டும் கொண்டு வருவீங்களா?" என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.

அமெரிக்காவில் கேஸைக் கையாள 608 சான்றிதழ் வேண்டும், பிரிட்டனில் எஃப் கேஸ் சான்றிதழ் வேண்டும். இங்கே வீட்டுக்கு வருகிறவரிடம் அப்படி எதையும் யாரும் கேட்பதில்லை. ஆனால் ஆர்32 லேசாகத் தீப்பற்றக்கூடியது. கேஸ் உள்ளே இருக்கும்போது குழாயில் வெல்டிங் டார்ச் வைக்க விடாதீர்கள். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். தகட்டில் ஆர்290 என்றிருந்தால் அது புரொப்பேன், எளிதில் தீப்பிடிக்கும். கம்பெனி சர்வீஸ் ஆள் மட்டுமே அதைத் தொடலாம்.

வேலை முடிந்ததும் 16 டிகிரியில் வைத்து இருபது நிமிடம் ஓடவிட்டு, மேலே காற்றை இழுக்கும் இடத்திலும் கீழே ஊதும் இடத்திலும் தெர்மாமீட்டர் வையுங்கள். பத்து டிகிரி வாக்கில் வித்தியாசம் இருந்தால் நல்லது. கம்பெனி ஆளாக இருந்தால் புகாரை முடிக்க ஓடிபி கேட்பார். இந்தச் சோதனைக்குப் பிறகே அதைச் சொல்லுங்கள். அது வருவது பதிவு செய்த போனுக்கு என்பதால், வெளிநாட்டு எண்ணைக் கொடுக்காமல் ஊரில் இருப்பவர் எண்ணைப் பதிவு செய்து வைப்பது நல்லது. கம்ப்ரசருக்குப் பத்து வருஷ வாரண்டி என்பது பெரும்பாலும் கம்ப்ரசருக்கு மட்டும்தான். கேஸ், கூலி எல்லாம் தனி. தீராத தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மார்கழியில் வருகிறவர்கள் அப்போதே சர்வீஸை முடித்துவிடலாம். கத்திரி வெயிலில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் ஏசி படுப்பதால் மெக்கானிக்குக்கு நின்று பார்க்க நேரம் இருக்காது. கேஸ் ஏற்றியிருந்தால் தேதி, வகை, எத்தனை கிராம், எந்த இணைப்பில் கசிவு என்பதை அவுட்டோர் யூனிட்டின் மீது மார்க்கரால் எழுதச் சொல்லி ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் வேறொருவர் வந்து "கேஸ் இல்லை" என்றால், தேட வேண்டிய இடம் அங்கேயே எழுதியிருக்கும்.